ஸ்பிரிங் அக்காவும் மூன்று பள்ளங்களும்

அரியலூர் மாவட்டத்துச் சாலைப் பள்ளங்களுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்க வேண்டுமென்றால், அந்த வேலைக்குத் தகுதியான ஆள் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. ஸ்பிரிங் அக்கா. பள்ளத்தின் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாம் அவருக்குத் தெரியும். தகப்பன் என்பது, அதைத் தோண்டிவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் லாரி.

ஜெயங்கொண்டம் சாலையில் அக்காவுக்கும் அவர் கணவருக்கும் ஒரு பட்டறை. லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமே, சக்கரம் வாங்குகிற அடியையெல்லாம் தாங்கிக்கொள்வது அவைதான். அந்த ஸ்பிரிங் பட்டைகளை வளைப்பதும் மாற்றுவதும் இவர்கள் தொழில். கணவர் சம்மட்டி அடிப்பார். எங்கே அடிக்க வேண்டும் என்று அக்கா சொல்வார். அந்த மனிதர் பேசி நான் கேட்டது மொத்தம் நாலு வார்த்தை. அதில் மூன்று "சரி".

ஒருமுறை சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு வேனில் போனார்களாம். பாதி வழியில் அக்கா எழுந்து, "நிறுத்துங்க, இடது பக்கம் ரெண்டாவது பட்டை விட்டுப்போச்சு" என்றார். டிரைவர் மறுத்தார். அக்கா மணப்பெண் உட்பட அத்தனை பேரையும் வெயிலில் இறக்கிவிட்டார். டிரைவர் குனிந்து பார்த்தார். இடது பக்கம், இரண்டாவது பட்டை, சரியாக நடுவில் இரண்டு துண்டு. முகூர்த்தம் தவறப் பார்த்தது. பெண்ணின் அப்பா அக்காவிடம் இன்றுவரை பேசுவதில்லை. டிரைவர் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு கொண்டுவந்து கொடுக்கிறார்.

எனக்கு அக்கா அறிமுகமானது சிரிக்கிற நிலைமையில் அல்ல.

என் மனைவி மலருக்குத் திருச்சியில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. ஆம்புலன்ஸில் அரியலூர் வந்து சேர்வதற்குள், வாயில் கடித்துக்கொண்டிருந்த துண்டு கிழிந்துவிட்டது. வாரம் மூன்று நாள் பெரம்பலூருக்குப் போய் உடற்பயிற்சிச் சிகிச்சை எடுத்தால்தான் பழையபடி நடக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் இப்படியே கெடந்துட்டுப் போறேங்க. அந்த ரோட்டுல மட்டும் என்னை ஏத்தாதீங்க."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் என்ஜினீயரிங் கல்லூரியில் இயந்திரவியல் வாத்தியார். வாகனத்தின் அதிர்வைக் குறைப்பது எப்படி என்று வருஷாவருஷம் கரும்பலகை நிறைய எழுதிப்போடுகிறவன். என்னுடைய பழைய காரோ, கொட்டைப்பாக்கு மேல் ஏறினால்கூடத் துள்ளும்.

அக்காவிடம் போனேன். ஸ்பிரிங்கின் விறைப்பு, அதிர்வெண் என்று கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, நீங்க எத்தனை கிலோ?" என்றார்.

சொன்னேன்.

"வூட்டுக்காரம்மா?"

சொன்னேன்.

"கூட யாரு வருவா?"

"மாமியார்."

"அவங்க?"

மாமியாரின் எடையை விசாரிக்கும் துணிச்சல் எந்த மருமகனுக்கு இருக்கிறது? மறுநாள் காலையில் அக்காவே நெல் மண்டியிலிருந்து தராசை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எதுக்கு? என்னை சந்தைக்கு ஓட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்றார் மாமியார்.

"ஏறுங்கம்மா. ஒங்க பொண்ணுக்காவத்தான். ஆளு எடை தெரியாம பட்டை போட்டா, அளவு எடுக்காம ஜாக்கெட் தைச்ச மாதிரி ஆயிடும்."

மாமியார் ஏறினார். உள்ளே படுத்திருந்த மலர் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பழைய கார் என்பதால் அதற்கும் பின்னால் லாரி மாதிரிப் பட்டைகள்தான். அக்கா அவற்றைக் கழற்றிப்போட்டார். கனமானவற்றை எடுத்துவிட்டு, மெல்லியதாக, நீளமாகப் புதிய பட்டைகள் வைத்தார். வெள்ளோட்டத்துக்கு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, மலர் படுக்க வேண்டிய பின் சீட்டில் தானே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

கார் மிதந்தது. எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "ஓரமா நிறுத்துங்க" என்று ஒரு பலவீனமான குரல். கதவைத் திறந்து இறங்கிய அக்கா, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட இட்லியை வெளியேற்றினார்.

"தொட்டில் கட்டிப்புட்டேன் வாத்தியாரே" என்றார் முகத்தைக் கழுவிக்கொண்டே. "ஒரு பள்ளத்துல எறங்குனா மூணு தடவை ஆடுது. ஒரே தடவைல அடங்கணும்."

ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சர்பரின் வேலை. அதற்குள் இருக்கும் எண்ணெயை அக்கா ரசத்துக்குப் பதம் பார்ப்பதுபோல் மாற்றி மாற்றி ஊற்றினார். எண்ணெய் கெட்டியானால் இடித்தது, நீர்த்தால் ஆடியது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முரண்டு பிடிப்பதைக் கண்டுபிடித்து, கல் சுமந்து தேய்ந்துபோன கன்வேயர் பெல்ட் ரப்பரைச் சீவி, பட்டைகளின் நுனிகளுக்கு நடுவே வைத்தார். நான் பாடத்தில் நடத்துகிற அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெள்ளோட்டம். கல்லூரி வாத்தியார் தினமும் ஒரு பெண்மணியைப் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு பெரம்பலூர் சாலையில் போய் வந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

"என்ன சார், அந்தம்மாவுக்கு ஒடம்பு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்காங்க சார்."

"அப்புறம் ஏன் படுத்திருக்காங்க?"

நான் பதில் தேடுவதற்குள் பின்னாலிருந்து அதட்டல். "வண்டிய எடுங்க வாத்தியாரே! அடுத்து சம்பந்திப் பள்ளம் வருது, வேகம் கொறைஞ்சா கணக்கு தப்பிடும்!"

போலீஸ்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பதினோராவது ஓட்டம் முடிந்து அக்கா இறங்கினார். கணவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கணவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு "போதும்" என்றார். நான் கேட்ட நாலாவது வார்த்தை அதுதான்.

மலர்தான் மசியவில்லை. அக்கா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலிக்காதுன்னு சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்டாள் மலர்.

"முடியாது பாப்பா. மூணு எடத்துல வலிக்கும். நான் படுத்துப் பாத்துட்டேன். எந்தெந்த எடம்னு முன்னாடியே சொல்லிடறேன். மத்த எடத்துல பயப்படாத."

அதுவரை டாக்டர், நான், மாமியார் எல்லோரும் "ஒண்ணும் வலிக்காது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மலர் அக்காவின் பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

அக்கா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டினேன். "பாப்பா, மொத எடம்" என்றார் அக்கா. மலர் முனகினாள், அவ்வளவுதான். இரண்டாவது இடத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "மூணாவது வருது" என்றார் அக்கா. கார் இறங்கி ஏறியது. பின்னால் சத்தமே இல்லை.

பதறித் திரும்பினேன். மாமியார் உதட்டில் விரலை வைத்தார். மலர் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரம்பலூரில் சிகிச்சைக்கூடத்து வாசலில் நிறுத்தியதும் எழுப்பப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். "எத்தனை நாளு தூக்கமோ, பத்து நிமிசம் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி, வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம் ஹாரன் அடிக்காதே என்று கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அதற்கு அவர்கள் என்ன ஏதென்று தலையை நீட்டி ஹாரன் அடித்தே விசாரித்தது வேறு விஷயம்.

ஏழெட்டு மாதம் அந்தக் கார் போய் வந்தது. மலர் முதலில் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், "இனிமே நானே டவுன் பஸ்ல போயிக்குவேன்" என்று பிடிவாதமாக ஏறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏங்க, நம்ம அக்கா பஸ் ஸ்டாண்டுலயே ஏறி, நடுவுல ஒரு சீட்டப் பிடிச்சு வச்சிருந்தாங்க. 'இந்த பஸ்ல குலுங்காத எடம் இதுதான்'னு என்னை உக்கார வச்சிட்டு அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிட்டாங்க. வெயில்ல நடந்து போறாங்க, போயி ஏத்திக்குங்க."

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நிறுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறி உட்கார்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க வாத்தியாரே" என்றார்.

பார்த்துத்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரத்துக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை.