வந்தவரையெல்லாம் வரவேற்ற டிரிக்கர்

செங்கல்பட்டு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை பிரவின்குமார் அவர்களுக்கு, மாமனார் பக்தவத்சலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை சகுந்தலாவும் நலம். புனேயில் நீங்களும் வைஷாலியும் நலம்தானே? தலைதீபாவளிக்கு உங்களை ரயிலடியிலிருந்தே மேளம் வைத்து அழைத்துவர வேண்டும் என்கிறாள் அத்தை. கார் போதும் என்று நான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

நிற்க. ரிட்டையர் ஆனவனுக்குப் பொழுது போகட்டும் என்று என் கணினியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தீர்களே, படமே இல்லாமல் வெறும் எழுத்தாக ஓடுமே, அது என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதில் மாமல்லபுரத்து ஆபிரகாம் என்பவருடைய படையில் சேர்ந்து கோட்டை வாசலுக்குக் காவலாளி ஆகிவிட்டேன். நீங்களும் ஆடுவதாகச் சொன்னீர்கள், எந்தப் பெயரில் என்றுதான் சொல்லவே இல்லை. ‘இந்த வரி வந்தால் இதைச் செய்’ என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது டிரிக்கர் என்று கற்றுக்கொடுத்தீர்கள் அல்லவா, நானும் ‘வாசலுக்கு வந்தார்’ என்று வரி வந்தால் ‘வாங்க, வாங்க’ என்று கதவைத் திறந்து தண்ணீர் கொடுக்கும்படி அமைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வாசலுக்கு வந்தவரை வேறெப்படி நடத்துவது? திரும்பி வந்தால் எதிரிப் படை மொத்தமும் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. ஆபிரகாம் போனில் பிடித்துக்கொண்டார். “இன்னா சார் இது, திருடனுக்கெல்லாம் கதவத் தொறந்து வுட்டுகினு கீறீங்க! இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா படையில இருக்க முடியாது, ஆமா!” எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீஸில்கூட யாரும் என்னை இப்படிச் சொன்னதில்லை.

பிறகு நோண்டிப் பார்த்ததில், ஒவ்வொரு பெயரையும் ‘எதிரி’, ‘நண்பர்’ என்று ஒரு டேக்கில், அதாவது அடையாளக் குறியில், சுற்றித்தான் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாது. உடனே எதிரி டேக்கை டிரிக்கரில் எழுதினேன். எதிரி வந்தான், டிரிக்கர் அசையவில்லை. ஏன், ஏன் என்று மண்டை குடைந்தது. கடைசியில் பார்த்தால், பூப் பொட்டலத்தின் இலையைப் பிரித்தெறிந்துவிட்டுப் பூவை மட்டும் உள்ளே கொடுப்பதுபோல, அந்த மென்பொருள் டேக்கை உரித்துவிட்டு வெறும் எழுத்தைத்தான் டிரிக்கரிடம் காட்டுகிறது! டேக் வரும்போதே பார்த்துக்கொள்ளும் வேறு வகை டிரிக்கர் மெனுவின் அடியில் ஒளிந்திருந்தது. அதில் இப்போது எதிரி டேக் என்றால் வெட்டு, நண்பர் டேக் என்றால் தண்ணீர் என்று கட்டியிருக்கிறேன். சரியா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். “அவரு மாப்ள, அவராண்ட போய் வேல வாங்கிகினு! மரியாதையாவாவது கேளுங்க” என்கிறாள் அத்தை. மரியாதையாகவே கேட்கிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமலும் நெட் கட்டாகாமலும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம். டிரிக்கர் பிரமாதமாக வேலை செய்கிறது. இதை உறையில் போடும்போதே ஓர் எதிரி வாசலுக்கு வந்தான், ஒரே வெட்டு, விழுந்தான். ஆபிரகாம்கூடப் பாராட்டினார். உடனே வைஷாலியின் போன்: “அப்பா, அவரு உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தாருப்பா, கொன்னுட்டீங்களே!” எதிரிப் படையில் இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மாப்பிள்ளை? அத்தைக்கு இன்னும் தெரியாது. மேளத்துக்குச் சொல்லிவிட்டேன்.