அப்பாவை ரிட்டையர் ஆக்கிய மெயில்

அந்த யோசனை எனக்கு உதித்தது நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் குடும்ப மன்றத்துக் கரும்பலகையின் முன்னால். உதித்த நேரத்தில் அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

மன்ற உறுப்பினர் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவர் பெயரைச் சாக்பீஸால் எழுதி வாழ்த்துவது வழக்கம். எழுத வேண்டியவர் செயலாளர். அவர் ஷிப்டுக்குப் போனால் மறந்துவிடுவார், ஷிப்டு முடிந்து வந்தால் தூங்கிவிடுவார். அன்றைக்கு விடுபட்டவர் எதிர்வீட்டுக் கமலா அக்காவின் கணவர்.

“போன வாரம் உங்க வூட்டுக்காரருக்கு மட்டும் பூவெல்லாம் வரஞ்சி எழுதிகினீங்க இல்ல? எங்க வூட்டுக்காரரு என்னா, பொறக்கவே இல்லியா?” என்று செயலாளரின் மனைவியைப் பிடித்துக்கொண்டார் அக்கா. (நியாயமான கேள்வி.)

நான் அப்போது பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடும் வேலையில் ஏறக்குறைய பெர்மனென்ட் ஆகியிருந்தேன். பொழுதுபோகாமல் இன்டர்நெட்டில் மேய்ந்ததில் ஒரு தளம் சிக்கியிருந்தது. அதில் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். ஒரு பெட்டியில் “அட்டவணையில் இந்தத் தேதி வந்தால்” என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பெட்டியில் “இந்த மெயிலை அனுப்பு”. இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

“ஆன்ட்டி, சண்டையை நிறுத்துங்க! இனிமே பிறந்தநாள் வாழ்த்தை கம்ப்யூட்டரே அனுப்பும். ஒருத்தரையும் மறக்காது” என்று நடுவில் புகுந்து அறிவித்தேன்.

ஒருத்தரையும் மறக்காது என்பது மட்டும் கடைசிவரை உண்மையாகவே இருந்தது.

செயலாளர் உறுப்பினர் விவரங்களை மகிழ்ச்சியோடு தூக்கிக் கொடுத்தார். அவற்றை அட்டவணையில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரரான என் அப்பா முருகையாவும் ஜூன் ஒன்று, ஈரோட்டுக்காரரான மன்றத் தலைவர் நாச்சிமுத்து சாரும் ஜூன் ஒன்று. தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் பிரசவமா? எழுதியவர் எங்கேயோ சொதப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

வேறு ஆளாக இருந்தால் அப்படியே விட்டிருப்பார்கள். நான் கெட்டிக்காரி. வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டு அம்மாக்களிடம் கேட்டு, எல்லாத் தேதியையும் திருத்தினேன். அவர்களும் பீரோவைத் திறந்து, ஜாதகத்தை எடுத்து, நட்சத்திரத்தோடு சொன்னார்கள். எங்கள் வீட்டுத் தேதியை என் அம்மா சொன்னாள். எல்லோருக்கும் முறுக்குக் கொடுக்கத் தோன்றியதே தவிர, “இது எதுக்குடி?” என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதோடு விட்டேனா? அறுபது வயது முடிகிறவர்களுக்கென்று தனியாக ஒரு மெயில் தயாரித்தேன். மற்ற வாழ்த்து அவரவருக்கு மட்டும் போகும். இது அவர் பெயரோடு மன்றத்தில் உள்ள எல்லோருக்கும் போகும், மணிவிழா இல்லையா! எங்கள் ஊரில் அறுபது என்றால் ரிட்டையர்மென்ட், ரிட்டையர்மென்ட் என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதையும் உணர்ச்சி பொங்கச் சேர்த்தேன்: “மணிவிழா வாழ்த்துகள்! சுரங்கத்துக்கு உழைத்தது போதும், இனி ஓய்வெடுங்கள். நீங்கள் வீடு காலி செய்யும் நாளில் சாமான் ஏற்ற பிளாக்கே திரண்டு வரும்.”

எனக்கே ஒரு மெயில் அனுப்பிச் சோதித்தேன். வந்தது. கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன்.

சில வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. கமலா அக்காகூடச் சிரித்துப் பேசினார். அதே அக்கா ஒரு காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் தோட்டத்துப் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வூட்ட எப்ப காலி பண்றீங்க, பாப்பா?”

“எந்த வீட்டக்கா?”

“இந்த வூடுதான். அமெரிக்காலேருந்து எம் பையன் போன் பண்ணிச் சொன்னான், உங்கப்பாவுக்கு ரிட்டையர்மென்ட்னு மெயில் வந்துதாமே. நீங்க போனா இந்தப் பலாமரத்து வூட்ட நாங்க எழுதிக் கேக்கலாம்னு பாத்துகினு இருக்கோம். வேற யாருகிட்டயும் சொல்லிடாத.”

(எங்கள் பிளாக் அப்பாக்களில் பாதிப் பேருக்குத் தனியாக மெயில் கிடையாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் முகவரிதான். ஆகவே என் வாழ்த்து முதலில் அமெரிக்காவுக்கும் பெங்களூருக்கும் போய், அங்கிருந்து போனில் நெய்வேலிக்குத் திரும்பியிருந்தது.)

அம்மா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள். நான் மெயிலைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடிப்பாவி! நான் சொன்னது ஜாதகத்துத் தேதிடி. கம்பெனியில உங்கப்பாவுக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது!”

மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்பா வந்தார். கழுத்தில் மாலை. கூட வேலை பார்க்கும் நண்பர்கள் போட்டுவிட்டதாம். மாலைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்ததும் நான் கதவுக்குப் பின்னால் போனேன். முப்பது வருட டவுன்ஷிப் வாழ்க்கையில் அப்பாவின் பேச்சு எல்லா ஊருக்கும் பொதுவாகத் தேய்ந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் சொந்த ஊர் திரும்பி வரும்.

“ஏட்டி, வெளிய வா. நான் உனக்கு என்னட்டி செஞ்சேன்? படிக்க வச்சது குத்தமா?”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே பரீட்சைதான், கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது என்று அர்த்தம்.

“அஞ்சு வயசுல எனக்கு எட்டல. ஆறுலயும் எட்டல. ஏழுலதான் தொட்டேன். வாத்தியாரு அஞ்சுன்னு போட்டு, ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. அதுக்கு நான் என்ன செய்ய?”

ஆக, அப்பாவின் கை நீளம் போதாததால் கிடைத்த இரண்டு வருட சர்வீஸை மகளின் கை நீளம் ஒரே காலையில் முடித்து வைத்துவிட்டது. என் அதிர்ஷ்டம், மன்றத் தலைவர் நாச்சிமுத்து சாருக்கு ஆபீஸில் வேலை பர்சனல் டிபார்ட்மென்ட். யாருக்கு எப்போது ஓய்வு என்பதெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவருக்கும் மெயில் போயிருந்தது. (ஒருத்தரையும் மறக்காது என்று சொன்னேன் அல்லவா.)

இன்னொரு கூத்தும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் சத்தமில்லாமல் திருக்கடையூர் போய் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வரத் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பா லீவு கேட்ட காரணம்: “உறவினர் திருமணம்.” பொய் என்று சொல்ல முடியாது. நெருங்கிய உறவினர்தான்.

சாயங்காலம் நாச்சிமுத்து சார் நேரிலேயே வந்துவிட்டார். அப்பா உட்காரவில்லை. அம்மா காபி டபராவை வைத்துவிட்டு அடுப்பங்கரைக் கதவோரம் போய் நின்றுகொண்டாள். வேலை போகுமா, விசாரணை வருமா, அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று எனக்குள் ஒரு பிரளயம் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மிணி, அந்த மெயிலு போட்டது நீதானா?”

“ஆமாம் சார்.”

“அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் காட்டு.”

காட்டினேன். அப்பாவின் வரிசையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எம்பட பேரு எங்கிருக்குது?” என்றார்.

தேடி எடுத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அவர் வீட்டு ஆன்ட்டி சொன்ன தேதிப்படி சாருக்கு அறுபது போன வருடமே முடிந்திருந்தது. என் எந்திரம் அப்போது பிறக்காததால் தப்பித்திருந்தார்.

“இதை யாரு சொன்னது?”

“ஆன்ட்டிதான் சார். ஜாதகத்தைப் பார்த்து, நட்சத்திரத்தோட...”

“அவ எதையுமே அரைகுறையாச் சொல்ல மாட்டாளுங்க” என்று அப்பாவிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். காபியை ஒரு மடக்கு குடித்தார். “அம்மிணி, எல்லாத்துக்கும் பழையபடி ஜூன் ஒண்ணே போட்டுரு. மெசினு தப்பா மெயில் அனுப்பிருச்சுன்னு இன்னொரு மெயிலும் அனுப்பிப் போடு. தப்பு மெசினோடதுதான். என்னங்க முருகையா?”

“மெஷின் தப்பேதான் சார்” என்றார் அப்பா. அத்தனை உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது சார் திரும்பினார். “உறவுக்காரங்க கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தீங்களே, போயிட்டு வாங்க. மாப்பிள்ளையை நான் கேட்டதாச் சொல்லுங்க.”

அவர் தலை மறைந்ததும் பிளாக்கில் பாதி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. முறுக்குக் கொடுத்த அதே அம்மாக்கள். “பாப்பா, எங்க வூட்டுக்காரரையும் ஜூன் ஒண்ணுக்கே மாத்திடும்மா” என்று வரிசையில் முதலாவதாக நின்றார் கமலா அக்கா. கையோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது அப்பாவின் வயதைக் கேட்டால், அம்மா என்னைக் காட்டுகிறாள்: “எங்களுக்கு என்ன தெரியும், மெயில் வந்தாத்தான் தெரியும்.”

இந்த மே மாதக் கடைசியில் அப்பா கம்பெனிக் கணக்குப்படி, முறைப்படி, நிஜமாகவே ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாவுக்கு எல்லோரையும் மெயிலில் அழைக்கும் பொறுப்பை நான் கெஞ்சி வாங்கியிருக்கிறேன். வருகிறேன் என்று பதில் போடுகிறவர்களின் பெயர் தானாகவே அட்டவணையில் ஏறி, பந்திக்கு எத்தனை இலை என்ற கணக்கு சமையல்காரருக்குத் தானாகவே மெயிலில் போய்விடும். பெட்டிகளையெல்லாம் இணைத்தாகிவிட்டது. அம்புக்குறி ஒன்றுதான் பாக்கி.

அப்பா சம்மதித்துவிட்டார், ஒரே நிபந்தனையோடு.

“சமையல்காரருக்குப் போனும் போட்டுச் சொல்லிருட்டி. அப்புறம், தேதிய என்கிட்டக் கேளு. உங்க அம்மைட்டக் கேக்காத.”