துப்பாக்கிக் கட்டையில் ரப்பர் பால்

பழுதான பொருளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பழுதாகாத பொருளைப் பார்த்தாலும் இருக்காது. இது வியாதி என்று சொல்லிச் சொல்லி அலுத்து, என் மனைவி இப்போது சொல்வதையே விட்டுவிட்டாள். மறுத்து மறுத்து எனக்கும் அலுத்துவிட்டது. அதனால் ஒப்புக்கொள்கிறேன்: ஒரு பெண்பிள்ளையின் இரண்டு வருஷ உழைப்பை அரை டம்ளர் ரப்பர் பாலால் கெடுத்தவன் நான்.

அப்போது மலேசியாவில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். (பேருதான் கிராணி. கண்டதையும் நோண்டுறதுதான் வேலை.) மகள் கவிதா மலாக்கா டவுனில் ஒரு சங்கத்தில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகினாள். சனிக்கிழமைதோறும் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். துணைக்குத் தெங்கேராவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் இருப்பார். அவர் மகள் ஷாஹிராவும் அங்கேதான் பழகினாள். பெண்களுக்கு உருப்படியான ரைபிள் சங்கத்தில் ஒன்றுதான் இருந்தது. இருவரும் மாற்றி மாற்றிச் சுடுவார்கள்.

கவிதா நெட்டை. ரைபிளின் முன்பக்கம் கீழே இழுக்கிறது என்பாள். தோளில் அணைக்கும் கட்டைக்குள் ஒரு துளை உண்டு. அதில் ஓர் இரும்பு உருளையைச் செருகித் திருகிவிட்டால் முன்னும் பின்னும் சமமாகிவிடும். ஷாஹிரா ஒல்லிக்குச்சி, அந்த எடை அவளுக்கு ஆகாது. அவள் முறை வரும்போது கழற்றிவிட வேண்டும். அரை நிமிஷ வேலைதான்.

மாநில அணியில் ஓர் இடம் காலியானது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கவிதா சொன்னாள்: “உள்ள வெயிட்டு லேசா ஆடுதுப்பா. மூச்சு விட்டாலே டொக்குன்னு கேக்குது.”

டேப் சுற்றினால் போதும் என்றார் பயிற்சியாளர். டேப்பா? ரப்பர் தோட்டத்துக்காரனிடமா? மறுநாள் மாலை ஒரு மைலோ டின்னில் புது ரப்பர் பாலும், அதை உறைய வைக்கும் ஆசிட்டில் சில சொட்டுகளும் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். உருளையைப் பாலில் தோய்த்துச் செருகி, இடுக்கில் மீதியை ஊற்றி, ஆசிட்டைச் சொட்டித் திருகினேன். பயிற்சியாளர் தூரத்திலிருந்து மலாயில், “போலே சாபுட் கா?” என்று கேட்டார். கழற்ற வருமா என்கிறார். “போலே, போலே”, வரும் வரும் என்றேன். ரைபிளைக் குலுக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தேர்வன்று கவிதா முதலில் சுட்டாள். அதுவரை அவள் எடுக்காத புள்ளி. நான் பாயின் தோளைத் தட்டி, “நம்ம கைவேலை பாய்” என்றேன். அடுத்தது ஷாஹிரா. எடையைக் கழற்றப் பயிற்சியாளர் திருகைத் திறந்தார். முதலில் நாற்றம் வந்தது. மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை ஏற்றிப்போகும் லாரிக்குப் பின்னால் போயிருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். குளிர்சாதன அறையில் அது இன்னும் நின்று நிதானமாகப் பரவியது. எடை மட்டும் வரவில்லை.

குறடு வைத்து இழுத்தோம். ரப்பர் நூல் நூலாக வந்தது, இரும்பு அசையவில்லை. பயிற்சியாளர் மலாயில் என்னை என்னவெல்லாமோ சொன்னார். ஷாஹிரா சுட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் அந்தக் கனத்தோடு நின்று சுட்டாள். பத்துச் சுற்றுக்குள் குழல் முனை அலைவது கண்ணாடிக்கு வெளியே எங்களுக்கே தெரிந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

இடம் கவிதாவுக்கு. அப்போதுதான் நடுவர்களில் ஒரு தமிழர் என்னைக் கூப்பிட்டார். “ஓங்க மக சுட்டு முடிச்ச பொறவுதான் இது கழல மாட்டேங்குது. வேணும்னே செஞ்சீங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அவர் இடத்திலிருந்து பார்த்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். கவிதா என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

பாய்தான் எழுந்து வந்தார். அழுதுகொண்டிருந்த மகளைக் கையில் பிடித்திருந்தார்.

“சார், இந்த அண்ணன ரெண்டு வருசமா பெஞ்சுல பாக்குறேன். வேணும்னே செய்யணும்னா அதுக்கு யோசன வேணும். இவருக்கு அவ்வளவு யோசன கெடையாது லா.”

நடுவர் சிரித்துவிட்டார். கவிதாவும் சிரித்தாள். விசாரணை அதோடு முடிந்தது. முடிவு மாறவில்லை. அடுத்த வருஷம் பள்ளிப் பரீட்சை வந்தது. ஷாஹிரா துப்பாக்கியை விட்டுவிட்டாள்.

பாயின் வார்த்தை எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தால் மனைவி அதைச் சொல்வாள். கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வீட்டார் பாயிடம் எங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். அவர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். சூது தெரியாத குடும்பம் என்று அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்.

கடையை இப்போது ஷாஹிராதான் பார்த்துக்கொள்கிறாள். தீபாவளித் துணிக்கு நான் போகும்போதெல்லாம் பாய் புது வாடிக்கையாளர்களிடம் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவள் துணியை அளந்துகொண்டே, “போதும் அத்தா, அங்கிள் பாவம்” என்பாள். அவர் கேட்பதில்லை. அன்றைக்கே அவர் திட்டியிருந்தால் எப்போதோ வேறு கடைக்குப் போயிருப்பேன்.