ஓவர்லோடு அண்ணனின் நானூற்றைம்பது

கோயமுத்தூர் ஜில்லாவில் ஏதாவது ஓர் இயந்திரம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தால், அது ஓவர்லோடு அண்ணன் கண்ணில் இன்னும் படவில்லை என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே டெஸ்டிங் செக்‌ஷனுக்கு அவர்தான் ராஜா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. புது மோட்டார் ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரை இறைக்க விட்டு, தாங்க வேண்டியதற்கு மேலேயே சுமை கொடுத்து ஓட்டுவார். கடைசியில் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வரை கை சூடு தாங்கினால் சாக்பீஸால் ஒரு டிக். தாங்காவிட்டால் மோட்டாரும் வசவும் ஒன்றாக வைண்டிங் செக்‌ஷனுக்குப் போகும்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். "அஞ்சு எச்பின்னு போர்டு அடிக்கற மோட்டாரு ஆறு எச்பி இழுக்குமுங்க. நாமளே கொஞ்சம் ஒளிச்சு வெச்சுத்தானுங்க போர்டு அடிக்கறோம். மத்தவன் வெக்க மாட்டானுங்களா?"

இந்தக் கொள்கையை அவர் வீட்டு கிரைண்டரிலும் சோதித்தார். புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டியதில், இட்லி மாவு பாதி சுவரிலும் மீதி அவர் மனைவி தலையிலும் அரைபட்டது. ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் உப்புமாதான். அதைப் பற்றிக் கேட்டால், கிரைண்டர் நன்றாகத்தான் தாங்கியது, மாவுதான் தாங்கவில்லை என்பார்.

அந்த நேரத்தில் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. காரணம் நான். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை வார்த்துப் பார்க்காமலேயே அது எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று முதலாளியிடம் வாய் விட்டிருந்தேன். அவரும் நம்பி வாங்கிவிட்டார். கூடவே, சரிப்படவில்லை என்றால் அதை விற்றுவிட்டு என்னை டெஸ்பாட்ச்சில் பில் எழுத அனுப்புவதாகவும் சொல்லி வைத்தார். படித்த படிப்பெல்லாம் லாரி நம்பர் எழுதத்தானா?

அண்ணன் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து, "இதுல போர்டு எங்கீங்க அம்மணி?" என்றார். அதன் மூளையான பிராசசரின் வேகம் முந்நூறு மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

நாலே நாளில் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்துவிட்டு வந்தார். மதர்போர்டில் மிளகு அளவில் ஜம்பர் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினால் பிராசசர் கூடுதல் வேகத்தில் ஓடும். சூடும் ஏறும். சூடு மிஞ்சினால் நடுவேலையில் அப்படியே உறைந்து நின்றுவிடும். முந்நூறை நானூற்றைம்பது ஆக்கலாம் என்றார் அண்ணன். சூட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டார். மோட்டார் சூட்டிலேயே வாழ்கிறவரிடம் கேட்கிற கேள்வியா அது?

நேராக எங்கள் ஃபவுண்டரிக்குப் போனார். மோட்டார் பாடியில் வரிவரியாகத் தகடு இருக்குமே, அதே அச்சில் அலுமினியத்தில் ஒன்றை வார்த்து, லேத்தில் அடிப்பாகத்தைக் கண்ணாடி போல இழைத்துக்கொண்டு வந்தார். சூட்டை இழுக்க அதைப் பிராசசரின் மேல் உட்காரவைத்தார். ஒன்றரைக் கிலோ. அதைத் தாங்க முடியாமல் கேபினெட்டைப் படுக்கப் போட வேண்டியதாயிற்று. அதற்கு மேல் முதலாளி அறையின் டேபிள் ஃபேன். முதலாளி மூன்று நாள் ஃபைலால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, முதலாளிக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், பிராசசருக்கு அது முடியாது என்று பதில் வந்தது.

ஒரு வாரம் ஓட்டினார். தினமும் அலுமினியத்தின் மேல் கை வைத்துப் பத்து வரை எண்ணினார். ஏழாம் நாள் கேபினெட்டில் சாக்பீஸால் டிக் போட்டார். அன்று முதல் பெருந்துறையிலிருந்து பம்ப் பாகங்கள் கொண்டுவரும் டெம்போக்காரர் வரை, டீ குடிக்க வந்த அத்தனை பேருக்கும் நானூற்றைம்பதின் கதை தெரியும்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை, திங்கள் பகல் பதினோரு மணிக்குப் பெரிய பார்ட்டி ஒருவர் புது பம்பின் கணக்கைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி இம்பெல்லரின் அளவையே மாற்றிவிட்டார். பழைய வேகத்தில் அந்தக் கணக்கு முடிய இரண்டேகால் நாள் ஆகும். நானூற்றைம்பதில் ஒன்றரை நாள். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். இதற்காகவே பிறந்தவர் போல இருந்தது அவர் முகம்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குத் திரை உறைந்தது. வெளியே தார் ரோடு உருகும் வெயில். அண்ணன் கை வைத்தார். நாலு வரைதான் எண்ண முடிந்தது.

அதுவரை போட்ட கணக்கு டிஸ்கில் பத்திரமாக இருந்தது, தொடரலாம். ஆனால் பழைய வேகத்துக்கு இறக்கினால் திங்கள் மத்தியானம் தாண்டிவிடும். அப்படியே விட்டால் மறுபடி எப்போது உறையும் என்று தெரியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்றிய சுமையை இறக்கியதே இல்லை என்று ஊர் முழுக்கப் பெருமை அடித்த மனிதரிடம் என்ன கேட்பது?

அவரே திருப்புளியை எடுத்தார்.

"முந்நூத்தி எழுவத்தஞ்சுக்கு எறக்கிப் போடறனுங்க அம்மணி. காத்தால ஒம்பதுக்கு முடிஞ்சிருமுங்க."

"உங்க நானூத்தம்பது?"

"அது கெடக்குதுங்க. உங்களை டெஸ்பாட்ச்சுக்கு அனுப்பிப் போட்டா, அப்பறம் நான் ஆருகூடங்க சண்டை போடறது?"

குனிந்து ஜம்பரை மாற்றினார். சாக்பீஸ் டிக்கைச் சட்டைக் கையால் அழித்தார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை கை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பத்து வந்தது.

திங்கள் காலை ஒன்பதுக்குள் கணக்கு முடிந்தது. பதினோரு மணிக்கு வந்தவர் காகிதங்களைப் புரட்டி, தலையாட்டி, காபி குடித்து, ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோர் முன்னாலும் அண்ணன் முதுகில் தட்டி, "ஏப்பா, கடைசி வரைக்கும் நானூத்தம்பதுலயே ஓடுச்சா?" என்று கேட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன் நான். "ஒரு மெகாஹெர்ட்ஸ் கொறையலீங்க."

அதற்கப்புறமும் அவர் அந்தக் கதையை வருடக்கணக்கில் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை, "வேணும்னா அம்மணியக் கேளுங்க" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நானும் சளைக்காமல் தலையாட்டினேன். உண்மையை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். பீளமேட்டுப் பக்கம் போனால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். அந்த எழுபத்தைந்து மெகாஹெர்ட்ஸை அவர் இறக்கியது எனக்காக.