குதிரைவீரனுக்கு ஒரு கூறை

"பொன்னாடை இல்லாமல் அந்தாளின்ர முன்னால எப்பிடிப் போய் நிக்கிறது?" என்று கிறகரி காலையிலிருந்தே ஒற்றைக்காலில் நின்றான்.

அந்த ஆள் பக் ஹாலிடன். ஒரு காலத்துத் தொலைக்காட்சிக் கௌபோய். மன்னாரில் மாதா கோயில் பங்குச் சுவாமியின் கறுப்பு வெள்ளை ரீவியில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, ஓடுகிற குதிரையிலிருந்து ஓடுகிற ரயிலுக்குப் பாய்ந்த சூரன். கிறகரிக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. ஊர் போயிற்று, அகதி விண்ணப்பம் போட்டாயிற்று, மொன்றியலில் சாப்பாட்டுக்கடைக் கோப்பையும் கழுவியாயிற்று. அந்தப் பாய்ச்சல் மட்டும் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை. அப்பேர்ப்பட்டவர் இன்று பின்னேரம் பியர்பொன்ட்ஸில் ஒரு கடைத்தொகுதிக்கு வந்து படங்களில் கையெழுத்துப் போடுகிறாராம். வெறுங்கையோடு போகலாமா?

வீட்டுக்குக் கிட்ட, வில்லரேயில் ஏழு கடை ஏறி இறங்கினான். எல்லாரும் மேசை விரிப்பைத்தான் எடுத்துக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்தவனின் கண் மனைவி எலிசாவின் கல்யாணக் கூறைச் சேலையில் விழுந்தது.

"உங்களுக்கென்ன விசரே?"

"நாலாய் மடிச்சால் பொன்னாடைதானே, எலிசா! அந்த மனுசனை இப்ப ஒருத்தரும் தேடுறேல்லையாம். நாங்களாவது ஒருக்கால் மரியாதை செய்வம்."

அவள் மனம் இளகிவிட்டது. "அவருக்கெண்டபடியால் தாறன். வேற ஆருக்கும் எண்டால் நூல்கூடத் தரமாட்டன்."

பனிக்குள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அங்கே சனமெல்லாம் சப்பாத்து மலிவு விற்பனையில் நெருக்கியடித்தது. கௌபோயின் மேசைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை.

மேசைக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள். ஒருவர் குள்ளம், மொட்டை, சோடாப்புட்டிக் கண்ணாடி, கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஆறடி, தலையில் தொப்பி, வளைந்த கால், படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். இதில் என்ன சந்தேகம்? கிறகரி நேரே நெடியவரிடம் போய்க் குனிந்து வணங்கி, மடித்த கூறையைப் போர்த்தினான்.

போர்த்தின கையோடு மடிப்புக் கழன்று, ஆறு யார் நீளக் கூறையும் அவர் காலடிவரை சரிந்தது. அவர் கண்ணைத் துடைத்தார்.

"மிஸ்யூ, ஆள் மாறிப்போச்சு!" என்று மேசைக்குப் பொறுப்பான பெண் பிரெஞ்சும் ஆங்கிலமுமாய்க் கத்தினாள். "ஹாலிடன் கோப்பி குடிக்கிறவர்! இவர் அவரோட வந்தவர்!"

"ஐயோ, என்ர கூறை!" என்றாள் எலிசா. "வாங்குங்கோ, திருப்பி வாங்குங்கோ!"

"போர்த்தினதைப் பறிக்கிறதோ? மானம் போயிடும்!"

யோசித்துப் பார்த்த கிறகரி, தொங்கிய முந்தானையை இழுத்து மொட்டைக் கிழவருக்கும் சுற்றினான். ஒரே கூறைக்குள் இரண்டு கிழவர்களும் பொட்டலமாகி மேசையில் சாய்ந்தார்கள். கோப்பி படங்களில் கொட்டியது. சப்பாத்து வாங்க வந்த சனம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. கிறகரிக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதுமென்றிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, பிழை விட்டிட்டன்," என்று ஆங்கிலத்தில் தடுமாறினான்.

மொட்டைக் கிழவர் மெல்லத் தன்னைக் கூறையிலிருந்து விடுவித்துக்கொண்டார். அதை முழுவதுமாக எடுத்து நெடியவரின் தோளில் வடிவாய்ப் போர்த்தி, தட்டிச் சரிசெய்தார். பிறகு கிறகரியிடம் சொன்னார்:

"நீ பிழை விடேல்லைத் தம்பி. குதிரையில ஏறினதும் ரயிலுக்குப் பாய்ஞ்சதும் எந்நாளும் இவன்தான். நான் முகம் மட்டும்தான்."