சும்மா சேர்த்தது

“இந்தக் குண்டு எழுத்து இருக்கே, இதையே முடிச்சுடலாம்” என்றார் கண் டாக்டர்.

டிசைனருக்கு முகம் தொங்கிப்போனது. டாக்டரின் இணையதளத்துக்கு அவன் மூன்று மாதிரிகள் கொண்டுவந்திருந்தான். அதில் ஒன்றுதான் மனசு வைத்து, இழைத்து இழைத்துச் செய்தது. மற்ற இரண்டும் அதைத் தூக்கிக் காட்டுவதற்காகச் சும்மா சேர்த்தவை. ஒன்று அழுது வடிந்தது. இன்னொன்றை, சாப்பிடக் கூப்பிட்டதற்கும் போய் உட்கார்ந்ததற்கும் நடுவில் கிறுக்கியிருந்தான். டாக்டர் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

“ஒன்னே ஒன்னு காட்டுங்க, போதும்” என்று மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

“ஒன்னு காட்டினா, இவனுக்கு வேற தெரியாதுன்னு நினைப்பாங்க. மூணு காட்டினா, தாங்களே தேர்ந்தெடுத்தோம்னு அவங்களுக்கு ஒரு திருப்தி. ஆனா நாம நினைச்சதைத்தான் எடுப்பாங்க” என்று அவளுக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

“சார், எழுத்து கொஞ்சம் தடியா தெரியலையா?” என்று டாக்டரிடம் மெல்ல இழுத்தான்.

“இருக்கட்டுமே. கண்ணு தெரியாமத்தானே என்கிட்ட வர்றாங்க? உங்க முதல் மாதிரி அழகாத்தான் இருக்கு. ஆனா அதைப் படிக்கணும்னா முதல்ல என்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கணும்.”

அவன் விடுவானா? மெருகேற்றித் தருகிறேன் என்று வாங்கிவந்து, வேண்டுமென்றே உட்கார்ந்து கெடுத்தான். எழுத்தை இரண்டு மடங்காக்கினான். பின்னணி முழுக்கக் கருப்பு, அதன்மேல் கண்ணைப் பறிக்கிற மஞ்சள். பார்த்ததும் டாக்டரே ஆளை விடுங்கள் என்று கும்பிட்டு, முதல் மாதிரிக்கே வந்துவிடுவார் என்பது அவன் கணக்கு.

டாக்டர் கும்பிடவில்லை. வெளியே காத்திருந்த ஒரு பெரியவரை உள்ளே கூப்பிட்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாசல்படியில் நின்றபடியே திரையைக் கடகடவென்று படித்தார்.

“என் மனசுல இருந்ததை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கீழ உங்க பேரையும் இதே சைஸ்ல போட்டுடுங்க.”

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும். இனி அவன் என்றால் அந்த மஞ்சள்தான்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்துப்போக வந்திருந்த மாமனார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இருவரிடமும் நடந்ததைக் கொட்டித் தீர்த்தான்.

சொல்லச் சொல்ல அவனுக்கு ஆறவில்லை. நல்லது பக்கத்திலேயே இருக்கும்போது, ஒரு மனிதர் அதைத் தாண்டிப் போய் ஏன் இதை எடுக்கிறார்? எடுத்தவருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறார். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“தனக்கு எது வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு” என்றான். “இருந்தாலும் மனசு கேக்கல மாமா. சும்மா சேர்த்ததைப் போய் எடுத்துட்டாரே. அந்த வேதனை உங்களுக்குப் புரியாது.”

“அப்பா, நீங்க பேசாம இருங்க” என்றாள் மனைவி.

மாமனார் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார்.

“எனக்கா புரியாது? இவளுக்கு மூணு மாப்பிள்ளை போட்டோ காட்டினவனாச்சே நான்.”