மைனஸ் நூற்று இருபத்தாறு கிலோ

திங்கட்கிழமை தங்கம்மா எடுத்த கொழுந்து மைனஸ் நூற்று இருபத்தாறு கிலோ என்று லிஸ்ட்டில் இருந்தது.

"மைனஸுன்னா என்ன கிராணியம்மா?" ஆபீஸ் வாசலில் கொழுந்து வெட்டும் கத்தரியோடு நின்றாள் தங்கம்மா.

"குறைச்சல்னு அர்த்தம்க்கா," என்றாள் பவளம், குரல் இறங்கி.

"நூத்து முப்பது கிலோ கொடுத்தேன்லா! பின்ன என்ன, நானே திரும்பப் போய்ச் செடியில ஒட்ட வெச்சேனா?"

அது 1988. ஈப்போவில் ஒன்பது மாதம் கம்ப்யூட்டர் படித்து, சி மொழியில் சர்ட்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு மலையேறி, ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலைக்கு வந்திருந்தாள் பவளம். தேயிலை எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வந்து இறங்கி ஒரு வாரம்தான். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து கம்பெனி டைரக்டர்கள் வருகிறார்கள்.

"அதுக்குள்ள லிஸ்ட் சரியா வரலேன்னா பெட்டி லோரி ஏறிடும். நீயும் கூடவே ஏறிக்கலாம்," என்று மானேஜர் துரை சொல்லியிருந்தார்.

தப்பு எங்கே என்று பவளம் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டாள். பெரிய கிராணி ராதாகிருஷ்ணனிடம் விளக்கினாள்.

"கிலோவுக்கு ரெண்டு பைட் இடம் சார். இடத்தச் சுட்டிக் காட்டுற பாயிண்டர, ஒரு பைட் மட்டும் பாக்குற மாதிரி போட்டுட்டேன். அதுக்கு நூத்தி இருபத்தேழுக்கு மேல தெரியாது. தாண்டினா மைனஸ்ல விழுந்துரும்."

"அவ்வளவுதானே? நூத்தி இருபத்தேழு கிலோவோட தங்கம்மாவ நிறுத்திக்கச் சொல்லு. பிரச்சன தீர்ந்துச்சு."

பவளம் அப்படிச் செய்யவில்லை. ஓர் ஆளின் பேரையும் கிலோவையும் சேர்த்தே பார்க்கும் பாயிண்டரை எழுதினாள். மைனஸ் ஒழிந்தது. கூடவே ஆட்களும் ஒழிந்தார்கள். நூற்றிருபது பேரில் ஆறே பேர்தான் லிஸ்ட்டில் மிஞ்சினார்கள். அதற்குக் கீழே நட்சத்திரமும் கேள்விக்குறியும்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு நூற்றுப் பதினான்கு பேர் ஆபீஸ் படியேறி வந்துவிட்டார்கள்.

"எம் பேரு எங்க?"

"எம் பேரு எங்கலா?"

ராதாகிருஷ்ணன் ஜன்னலைச் சாத்தினார். "என்னம்மா செஞ்ச?"

"ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு பைட் சார். அடுத்த ஆளுக்குப் போக இருபத்திரண்டு கூட்டினேன். ஆனா இந்தப் பாயிண்டர் ஒண்ணு கூட்டினாலே ஒரு ஆளத் தாண்டும். அதான் இருபத்திரண்டு ஆளத் தாண்டித் தாண்டிக் குதிச்சிருச்சு."

"குதிக்கிற சாமான எதுக்கு ஆபீஸுல வெச்சிருக்கோம்?"

பெரிய அடி வைத்ததால்தானே வம்பு? ஆளைத் தாண்டுகிற பாயிண்டரே வேண்டாம் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. புதன்கிழமை பவளம் பாயிண்டரை இன்ட் என்ற எண் வகைக்கு மாற்றி, ஒன்று மட்டும் கூட்டினாள். இன்ட்டுக்கு ஓர் அடி என்றால் இரண்டு பைட். அதாவது இரண்டு எழுத்து. அது அவளுக்கு உறைப்பதற்குள், பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு போன ராதாகிருஷ்ணன், மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் ஒட்டிவிட்டார்.

கங்காணி முனியாண்டி உரக்க வாசித்தார். பேர்களெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தன.

"தங்கம்மா, நூத்து முப்பது. அங்கம்மா, பதினேழாயிரத்து எழுநூத்து அம்பது. காம்மா, பதினாறாயிரத்து எழுநூத்துப் பதினாறு. ம்மா, பத்தொம்பதாயிரத்து எழுநூத்து எண்பத்தொம்பது. ஆ, அறுபத்தஞ்சு."

களமே சிரித்துச் சாய்ந்தது. பவளம் ஓடிவந்து தாளைப் பிடுங்கினாள். ஒவ்வொரு வரியிலும் தங்கம்மாவின் பேரில் முன்னாலிருந்து இரண்டு இங்கிலீஷ் எழுத்து உதிர்ந்திருந்தது. அடுத்திருந்த வேலம்மாவின் பேரெழுத்துகளைக் கிலோவாகப் படித்து வைத்திருந்தது கம்ப்யூட்டர்.

"அந்த ஆ யாருன்னு விசாரி," என்றார் ராதாகிருஷ்ணன். "அவ ஒருத்திதான் நம்புற மாதிரி எடுத்திருக்கா."

பவளத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்தாள். ஆளுக்கான பாயிண்டரையே மறுபடி போட்டு, இருபத்திரண்டை எடுத்துவிட்டு, ஒன்றே ஒன்றைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை நூற்றிருபது பேரும் வரிசையாக, ஓர் எழுத்து குறையாமல் வந்தார்கள். டைரக்டர்கள் கைதட்டினார்கள். துரை முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். ராதாகிருஷ்ணன், எல்லாமே தன் யோசனை என்று ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

கார்கள் இறங்கிப் போனபின், தலைத்துண்டோடு ஒரு சின்ன உருவம் வாசலில் தயங்கி நின்றது.

"யாரும்மா நீ?" என்றாள் பவளம்.

"தங்கம்மா தங்கச்சிங்க. எனக்கு ஐசி, அடையாளக் கார்டு, இன்னும் வரல, அதனால பேர் பதியல. நான் வெட்டுறதையும் அக்கா பேர்லதான் நிறுப்பாங்க. வந்து ஒரு வருஷமாச்சு."

"சரி, என்ன வேணும்?"

"நான்தாங்க அங்கம்மா. நேத்துத்தான் பேரும் சரியா வந்துச்சு, ஒரு வருஷக் கிலோவும் ஏறக்குறைய சரியா வந்துச்சு. இன்னைக்கு ஏன் கிராணியம்மா தப்பாப் போட்டுட்டீங்க?"